தோளளவு இடம்

எட்டு வருஷமாகப் பள்ளிவாசலில் மொய்னுதீனுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. முதல் வரிசையின் வலது கோடியில், ஜன்னலுக்குக் கீழே போட்டிருக்கும். நீல பிளாஸ்டிக் நாற்காலி. கை வைக்காதது, ஏனென்றால் கை வைத்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுந்துவிடும். அப்போது அவர் எடை நூற்று இருபத்தொரு கிலோ. நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தா செய்துவிட்டால், திரும்ப அவரை நிறுத்த இரண்டு பேர் வேண்டும். அதனால் மற்றவர்கள் தரையில் நெற்றி வைக்கும்போது அவர் உட்கார்ந்த இடத்திலேயே தலையை மட்டும் தாழ்த்துவார்.

முடியாதவர்களுக்கு உள்ள சலுகைதான் அது. ஊரில் யாரும் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. ஆனாலும் அத்தனை முதுகும் ஒன்றாகக் கீழே போகையில் தன் தலை மட்டும் மேலே தெரிவது அவருக்கு மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. செங்கல்பட்டு டாக்டர் சர்க்கரை ரிப்போர்ட்டைக் காட்டிப் பயமுறுத்தியபோதுகூட அசையாத மனிதர், ஒரு பெருநாள் தொழுகையில், எண்பது வயது வெளியூர்க்காரர் ஒருவர் பக்கத்தில் சஜ்தா செய்து தானாக எழுந்து நின்றதைப் பார்த்துவிட்டு, அன்று மத்தியானமே பிரியாணித் தட்டைத் தள்ளி வைத்தார். வீட்டில் யாரும் நம்பவில்லை. பெருநாள் அன்றைக்கா!

பதினாலு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். விடிந்ததும் கோவளம் ரோட்டில் நடை. இரவில் சோறு கிடையாது. மாமல்லபுரத்தில் அவருடைய ஹார்டுவேர் கடைக்கு வரும் டீயில் சர்க்கரை கிடையாது. நாற்பத்து மூன்று கிலோ இறங்கியது. மனைவி சம்சாத் பேகம் சட்டைகளை இரண்டு தடவை பிரித்துத் தைத்தாள். மூன்றாம் தடவை, "இதுல தலகாணி ஒறதான் தெக்கலாம்" என்று ஒதுக்கிவிட்டாள்.

இளைத்த பிறகுதான் புதிதாக ஒரு சங்கடம் ஆரம்பித்தது. விலகித்தான் போகிறோம் என்று அவர் நினைத்த கதவு நிலை தோளில் இடித்தது. எடுக்கப்போன டம்ளர் கை பட்டு உருண்டது. கடையில் பெயிண்ட் டப்பாவை எடுக்கத் திரும்பினால், திரும்ப வேண்டிய அளவைத் தாண்டி உடம்பு போய் அலமாரியில் மோதியது. படி இறங்கும்போது கால் தரையைத் தேடியது. அவரும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். தரை ஈரம், செருப்பு புதுசு, வெளிச்சம் போதவில்லை. சிறுசேரியில் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் ஹாதியாதான் ஒரு நாள், "அத்தா, வெளிச்சம்லாம் நல்லாத்தான் கீது. நீங்கதான் சைடு வாங்குறீங்க" என்றாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வரிசையில் நின்று தொழப்போகும் முதல் வெள்ளிக்கிழமைக்காக அவர் புதுக் கைலி கட்டிக்கொண்டு போனார். மைத்துனன் ஷபீருக்குப் பக்கத்தில் நின்றார். ஷபீர், சம்சாத்தின் தம்பி. சிறுசேரி ஆபீஸ்களுக்கு வேன் ஓட்டுகிறவன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை ரக்அத் என்கிற இரண்டு சுற்றுதான்; அதில் சஜ்தாவிலிருந்து எழுந்து நிற்க வேண்டியது நடுவில் ஒரே ஒரு தடவைதான். அந்த ஒரு தடவையில் மொய்னுதீன் பழைய வழக்கப்படி முழு மூச்சோடு உந்தி எழுந்தார். நூற்று இருபத்தொரு கிலோவைத் தூக்குகிற உந்தல். உடம்பு எகிறி மேலே வந்தது, முழங்கால்கள் தாங்கவில்லை, இடது பக்கமாகச் சாய்ந்து ஷபீர் மேல் விழுந்தார். இருவரும் பாயில் கிடந்தார்கள். ஷபீரின் மணிக்கட்டு பிசகிவிட்டது.

தொழுகை முடிந்ததும் ஒருவர் சர்பத் கொண்டுவந்தார். ஒருவர் விசிறினார். "சுகர் எறங்கிப்போச்சு" என்றார் ஒருவர். "பட்டினி கெடந்தா இப்டித்தான்" என்றார் இன்னொருவர். கடைசியில் பெரியவர் ஒருவர் தோளைத் தட்டி, "நாற்காலி அங்கயேதான் கீது பாய்" என்றார். அன்போடு சொன்னதுதான். மொய்னுதீனுக்கு அதுதான் தாங்கவில்லை.

திங்கட்கிழமை சம்சாத் அவரைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனாள். காது, நரம்பு, ரத்தம் எல்லாம் பார்த்து, குறை ஒன்றுமில்லை என்று உடற்பயிற்சி சிகிச்சை கொடுக்கும் கல்யாணியிடம் அனுப்பினார்கள். அந்தப் பெண் அவரை நடக்கச் சொன்னாள், திரும்பச் சொன்னாள், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். நாலு எண்ணுவதற்குள் அவர் சுவரைப் பிடித்தார்.

"நிக்கும்போது ஏன் சார் பின்னாடி சாயறீங்க?"

"நேராத்தாம்மா நிக்கறேன்."

"இல்ல சார். முன்னாடி தொப்பை இழுக்குதுன்னு அத்தன வருஷமா முதுகப் பின்னாடி வெச்சு நின்னுருக்கீங்க. இப்ப தொப்பை இல்ல. முதுகு மட்டும் அதே எடத்துல நிக்குது. உடம்பு எளச்சது மூளைக்கு இன்னும் தகவல் போய்ச் சேரல."

"அப்ப கொழுப்பு கொறைஞ்சது தப்பா?"

"கொழுப்பு கொறைஞ்சது நல்லது. கூடவே தொடையில தசையும் போயிடுச்சு. சோத்த வுட்டீங்க, சரி. முட்ட, பருப்பு எதுக்கு வுட்டீங்க? தெனம் நாற்காலியில இருந்து கை ஊனாம பத்து தடவ எழுந்திருங்க. மெதுவா. ரெண்டு மூணு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் மெதுவா," என்றாள் கல்யாணி.

சொன்னபடி செய்தார். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை, கடைக்குப் பைப் லோடு வருகிறது என்று சொல்லிப் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. லோடு ஒன்றும் வரவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பைப்புகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஷபீர் ஒற்றைக் கையோடு வீட்டில் கிடக்கிறான். அவன் வேனை வேறு ஒருவன் ஓட்டுகிறான். இன்னொரு தடவை விழுந்தால் யார் எலும்பு உடையுமோ. விழாமல் நிற்பேன் என்று யாருக்கு உத்தரவாதம் கொடுக்க முடியும்? திரும்பவும் நாற்காலிதான் என்று அங்கேயே முடிவு செய்தார்.

அதற்கடுத்த வெள்ளியன்று காலை அதைச் சொன்னபோது, சம்சாத் முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்து மூணு கிலோ கொறச்சது மறுபடி நாற்காலில குந்தறதுக்கா?"

"உன் தம்பி கைய ஒடச்சேனே, அது போதாதா?"

"ஒடயல. பெசகிச்சு. அவன் ஒண்ணும் சொல்லலியே."

"சொல்ல மாட்டான். அதான் பேஜாரு."

"நீங்க கேட்டீங்களா? ரெண்டு வாரமா அவன் வூட்டுப் பக்கம் எட்டிப் பாத்தீங்களா? விழுந்தது பெருசில்ல. விழுந்தவன் மூஞ்சக் காட்டாம திரியறதுதான் பெருசு." முட்டையைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பள்ளிவாசலில் கைகால் கழுவும் குழாயடியில் ஷபீர் உட்கார்ந்திருந்தான். வலது மணிக்கட்டில் பட்டையான கட்டு. மொய்னுதீன் கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டு, பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்து, அவனுக்கான குழாயைத் திறந்துவிட்டார்.

"வலிக்குதா?"

"வலி இல்ல மச்சான். வூட்ல குந்திகினு கீறன் பாரு, அதான் வலி. எம் பொண்டாட்டி வெங்காயம் உரிக்க வெக்கிறா."

மொய்னுதீனுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டார். "ஷபீரு, நான் நாற்காலிக்கே போயிடறேன். உங்கிட்ட சொல்லிட்டுப் போலாம்னு..."

"ஏன்?"

"மறுபடி விழுந்தா?"

ஷபீர் குழாயை இடது கையால் மூடினான். "அன்னிக்கு நமக்கு நடுவுல எவ்ளோ எடம் இருந்துச்சு தெரியுமா? இன்னொரு ஆளு தாராளமா நிக்கலாம். நான் ரெண்டு வாட்டி நவுந்து வந்தேன். நீங்க ரெண்டு வாட்டியும் நவுந்து போனீங்க."

"உன்ன இடிச்சிடுவேன்னு..."

"இடிக்கறதுக்கு இன்னா கீது மச்சான் உங்ககிட்ட? பழைய மொய்னுதீனுக்கு எடம் வுட்டுகினு நின்னா, புது மொய்னுதீன் எதும்மேல சாய்வாரு?"

மொய்னுதீன் தன் குழாயைத் திறந்தார். எட்டு வருஷமாக ஒவ்வொரு தொழுகைக்கும் முன்னால் இமாம் திரும்பிப் பார்த்து, வரிசையை நேராக்குங்கள், இடைவெளி விடாமல் தோளோடு தோள் சேர்ந்து நில்லுங்கள் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறார். நாற்காலிக்காரருக்கு அது பொருந்தாது. அது நிற்கிறவர்களுக்குச் சொல்வது என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தே பழகிப்போயிருந்தது.

உள்ளே, பாங்கு சொல்லும் மோதினார் அப்துல் அஹத் நாற்காலியைத் துடைத்துத் தயாராகப் போட்டு வைத்திருந்தார். "வாங்க பாய்" என்று கை காட்டினார். மொய்னுதீன் நாற்காலியைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். "இன்னிக்கி வேணாம்," என்றார். "ஆனா உள்ள கொண்டு போயிடாதீங்க. முடியலன்னா வரேன்." அதைச் சொல்வதில் அவருக்கு வெட்கம் இல்லாதது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

வரிசை கூடியது. ஷபீருக்கு வலப்பக்கம் போய் நின்றார். சரியாகத்தான் நிற்கிறோம் என்று நினைத்த இடத்திலிருந்து இன்னும் ஒரு அடி நகர வேண்டியிருந்தது. அது அவருக்கு அடுத்தவன் சட்டைக்குள் நுழைகிற மாதிரி இருந்தது. பிறகு தோள் தோளில் பட்டது. வலப்பக்கம் கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் ஒருவர் நெருங்கி வந்து நின்றார். இரண்டு பக்கமும் தோள் பட்டதும்தான் தன் உடம்பு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரிந்தது.

முதல் ரக்அத் முடிந்து எழும் நேரம் வந்தது. அவர் உந்தவில்லை. கல்யாணி சொன்னபடி மெதுவாக எழுந்தார். எல்லோரும் நின்ற பிறகு, ஒரு மூச்சு தாமதமாக நிமிர்ந்தார். உடம்பு இடது பக்கம் சாயத்தான் செய்தது. ஷபீரின் தோள் அங்கே இருந்தது, அது விலகவில்லை. காலை எங்கோ மாற்றி ஊன்றி நிலைப்பட்டார். இமாமின் ஓதல் தொடர்ந்தது. மொய்னுதீன் நின்றார்.

கடைசியில் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் ஷபீர் அவர் பக்கம் திரும்பினான். முகம் கோணியிருந்தது.

"கை இடிச்சிடுச்சா?" என்று பதறினார் மொய்னுதீன்.

"கை இல்ல மச்சான், காலு. ரெண்டாவது ரக்அத்து பூரா என் கால் மேல நின்னீங்க."

"அடப்பாவி, தட்டியாவது வுட்டிருக்கலாம்ல!"

"தொழுகையில எப்டித் தட்டறது? எழுவத்தெட்டு கிலோதானேன்னு வுட்டுட்டேன்."

அடுத்துத் தனித்தனியாகத் தொழ எல்லோரும் எழுந்தார்கள். மொய்னுதீனும் மெதுவாக எழுந்தார். தக்பீர் சொல்லித் தொழுகையைத் தொடங்கக் கையை உயர்த்துமுன் குனிந்து, தன் பாதங்கள் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.