பச்சைப் பைகள் திரும்பி வந்த காலை

கடன் கேட்பதுகூடச் சுலபம். குப்பை கேட்பது இருக்கிறதே, அதற்குத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். அந்தக் காலையில் சின்னவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். வீடு வீடாக, காலில் விழாத குறையாக.

"அக்கா, உங்க வீட்டுல கொஞ்சம் குப்பை இருக்குமா?"

"ஐயையோ மேடம், என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! நம்ம வீட்டுல குப்பையா? உள்ள வந்து பாருங்க, தரையில சோறு போட்டுச் சாப்பிடலாம்."

"காய்கறித் தோலாவது?"

"இன்னைக்கு அடுப்பே பத்த வைக்கல. ஆளுக்கு ரெண்டு ரொட்டி, ஒரு வாழைப்பழம். அவ்வளவுதான்."

"வாழைப்பழத் தோல் எங்கே?" சின்னவளின் குரலில் அப்படி ஓர் ஆசை.

"அதை அவரு ஆபீஸ் போகும்போது கவர்ல போட்டு எடுத்துட்டுப் போயிட்டாரு."

சின்னவள் வேலை பார்ப்பது நகராட்சி அலுவலகத்தில், சுகாதாரப் பிரிவில். அக்கா தங்கை இரண்டே பேர் இருந்த வீட்டில் இளையவள், அதனால் அந்தப் பெயர். தெருக்காரர்களுக்கு நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் குப்பை மேடம். அதற்கெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் அந்தப் பிரிவில் காலம் தள்ள முடியாது.

அக்கா பெரியவள் தையல்காரி. ஊரின் மறுகோடியில் வீடு. வீட்டுக்குப் பின்னாலேயே நகராட்சியின் குப்பைமேடு. அவள் குடிவந்தபோது அது சும்மா கிடந்த பொட்டல். அப்புறம் ஒரு லாரி வந்தது, பத்து லாரி வந்தது, கூரை உயரத்துக்கு மேடு வளர்ந்தது. தையல் மிஷினுக்கு மேலே இருந்த ஜன்னலைப் பெரியவள் மூடினாள். வாடை நிற்கவில்லை என்று இடுக்கெல்லாம் துணி அடைத்தாள். பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டுதான் ஊசியில் நூல் கோர்க்க வேண்டும். மேட்டில் புகை எழும்பும் நாட்களில் தைத்து முடித்த துணியிலும் அது ஏறிவிடும். வாங்க வருகிறவர்கள் மோந்து பார்த்து முகம் சுளிப்பார்கள்.

"நகராட்சியில உத்தியோகம்னு ஊரெல்லாம் பீத்திக்கிறே," என்று ஒருநாள் பெரியவள் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள். "உன் அக்கா வீட்டு ஜன்னலைத் திறந்து வைக்க உனக்கு வக்கில்லையேடி."

சுருக்கென்று தைத்தது. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளே கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைய ஆரம்பித்தாள் சின்னவள். ஒரே ஒரு தெரு. சோதனைக்காக. அங்கே லாரி வராது. சமையல்கட்டுக் குப்பை தெருக்கோடியில் செங்கல் கட்டிய உரக்குழிக்குப் போகும், உரமாகும். மற்றது காயலான் கடைக்கு. இது சரிப்பட்டு வந்தால் எல்லாத் தெருவுக்கும் குழி. லாரிகள் மேட்டுக்குப் போவது நிற்கும். சரிப்பட்டு வராவிட்டால் கோப்பு பரணுக்குப் போகும், அவ்வளவுதான்.

விஷயத்தைக் கேட்டதும் பெரியவள் துணி மூட்டையை அவிழ்த்தாள். தைத்து மிஞ்சிய பச்சைத் துணியையெல்லாம் எடுத்து, வீட்டுக்கு ஒன்றாகப் பை தைத்துக் கொடுத்தாள். விளிம்பில் சிவப்பு நூல், இரட்டைத் தையல். "சமையல்கட்டுக் குப்பையை இதுல போடச் சொல்லு. கிழியவே கிழியாது," என்றாள். அவள் மனசு இளகினால் இப்படித்தான், வாயால் வராது, மிஷினில் வரும்.

தெரு ஜோராகப் பிடித்துக்கொண்டது. காலையானால் பச்சைப் பைகள் வரிசையாகக் குழிக்கு நடந்தன. குழியும் ஆவி பறக்க உரமாக்கிக்கொண்டிருந்தது. நேரில் வந்து பார்க்கிறேன் என்று ஆணையரே சொல்லிவிட்டார். சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த சந்தோஷத்தில்தான் முந்தின நாள் ஆட்டோவில் மைக்கைக் கட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தாள்.

"நாளை காலை ஆணையர் வருகிறார். தெருவைச் சுத்தமாக வைத்திருங்கள். ஒரு துண்டுக் குப்பை கண்ணில் படக் கூடாது!"

நம்ம ஜனங்களிடம் போய்ச் சொல்லக்கூடிய வார்த்தையா அது? விருந்தாளி வருகிறார் என்று கேட்டாலே கட்டிலுக்கு அடியில் பாதி வீட்டைத் தள்ளிவிடுகிற ஆட்கள். வருகிறவர் ஆணையர் வேறு! சாயங்காலத்துக்குள் தெருவில் மருந்துக்குக்கூட ஒரு தோல் இல்லாமல் பண்ணிவிட்டார்கள். காலையில் வந்து பார்த்தவள் வீடு வீடாகக் குப்பை கேட்டு ஓடினாள். குப்பையைப் பிரித்துப் போடுவதைப் பார்க்கத்தானே மனுஷன் வருகிறார்!

வீடுகளில் கைவிரித்துவிட்டார்கள், குழியாவது இருக்கிறதே என்று தெருக்கோடிக்கு ஓடினாள். குழியைப் பார்த்துக்கொள்ளும் நகராட்சி ஊழியர், உரக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், புதுச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். குழி பளபளவென்று காலியாக இருந்தது.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"பெரிய அதிகாரி வர்றாரு மேடம். மூக்கைப் பிடிச்சாருன்னா நமக்குத்தானே அசிங்கம்? எல்லாத்தையும் வாரிப் பூங்காவுல கொட்டிட்டு, ஃபினாயில் ஊத்தித் தேய்ச்சுக் கழுவிட்டேன்."

"ஃபினாயிலா! உரமாக்குற புழு பூச்சியெல்லாம் செத்துப் போகுமே!"

"ஆமா மேடம். ஒண்ணு விடாம செத்துருச்சு," என்றார் அவர், பெருமையாக.

சின்னவள் அங்கேயே குழிமேட்டில் உட்கார்ந்துவிட்டாள். சொன்ன நேரத்துக்கு வராத அதிகாரிகளையே பார்த்துப் பழகியவள் அவள். இந்த ஆணையர் பார்த்து டாணென்று வந்து இறங்கினார்.

அதிகம் பேசாத மனுஷர். எட்டிக் குழியைப் பார்த்தார்.

"குழி நல்லா இருக்கு. குப்பை எங்கே?"

தெருவின் சார்பில் மாடிவீட்டு டீச்சர் முன்னால் வந்தார். பட்டென்று பேசுகிறவர். "எங்க தெருவுல குப்பையே கிடையாது சார்!"

"வீட்டுக்கு வீடு சமைக்கிறீங்க. குப்பையே வராதா?"

"வராது சார்."

தெரு கைதட்டியது. ஆணையர் சின்னவள் பக்கம் திரும்பினார். "குப்பையே வராத தெருவுல குழி எதுக்கும்மா?"

அவள் காலிக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "யோசிக்கலாம்," என்று சொல்லிக் கோப்பை மூடினார் அவர். அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், அந்த வார்த்தையைக் கேட்டால் கோப்புக்குக் காரியம் பண்ணிவிடலாம்.

அப்போதுதான் சர்ரென்று ஓர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே ஆள் தெரியவில்லை, பச்சைப் பைகள்தான் தெரிந்தன. பைகளுக்கு நடுவிலிருந்து பெரியவள் இறங்கினாள். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. மிஷினிலிருந்து எழுந்தவள் அப்படியே வந்திருக்கிறாள்.

"பிடிங்க சார் இதை," என்று முதல் பையைப் பக்கத்தில் நின்ற ஆள் கையில் திணித்தாள். ஆணையர் என்று அவளுக்கு என்ன தெரியும்? அவரும் பிடித்துக்கொண்டார்.

"அக்கா! என்னக்கா இது?"

"என்னையா கேக்குறே? காலையில லாரி வந்து கொட்டுச்சு, என் ஜன்னலுக்குக் கீழ. என்னடா பச்சையாத் தெரியுதேன்னு போய்ப் பார்த்தா, என் தையல்! என் சிவப்பு நூல்!" தெருவையே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "என் ஜன்னல் திறக்கணும்னுதான் கண்ணு எரிய எரிய ஒவ்வொண்ணாத் தைச்சேன். அதுலயே கட்டி என் தலையில கொட்டினா, நான் யாருகிட்டப் போய்ச் சொல்லுவேன்?"

கடைசி வார்த்தை உடைந்துவிட்டது. பெரியவள் அழுது சின்னவள் பார்த்ததே இல்லை.

டீச்சர் தலை குனிந்தார். "பக்கத்துத் தெருவுக்கு வர்ற லாரியில... நேத்து சாயங்காலம்... எங்கே வைக்கிறதுன்னு தெரியாம, பையோட எல்லாருமா ஏத்திட்டோம்."

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது சின்னவளுக்கு. பிளக்கவில்லை. வாயைத்தான் திறக்க வேண்டியிருந்தது.

"தப்பு என்னோடதுதான் சார். ஒரு துண்டுக் குப்பை கண்ணுல படக் கூடாதுன்னு மைக்ல சொன்னது நான்தான். நல்லாப் பிரிச்சுப் போட்டுக்கிட்டிருந்த தெருவை நானே கெடுத்தேன். என் அக்காவுக்கும் நானே பண்ணிட்டேன்." பெரியவளைப் பார்க்கத் தைரியமில்லாமல் பைகளைப் பார்த்துச் சொன்னாள். "என்னை என்ன வேணா பண்ணுங்க சார். குழியை மட்டும் மூடிறாதீங்க."

முதலில் நகர்ந்தது டீச்சர்தான். நேரே ஆணையரிடம் போனார்.

"குடுங்க சார், அது எங்க வீட்டுது. சொன்னது பொய். எங்க வீட்டுல தினமும் வண்டி வண்டியாக் குப்பை வரும்."

பையை எல்லோர் முன்னாலும் அவிழ்த்தார். முட்டை ஓடு, வெங்காயத் தோல், நடுவில் ஒரு பால் கவர். "இது எப்படி இதுல வந்துச்சு?" என்று மாடியைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். மாடியில் நின்ற அவர் புருஷன் சட்டென்று மறைந்தார். தெரு சிரித்துவிட்டது. அப்புறம் ஒவ்வொருவராக வந்து, இது எங்களுது, அது எங்களுது என்று பையை எடுத்துக்கொண்டார்கள். உரக்காரர் புதுச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, ஃபினாயில் போகக் குழியைத் தண்ணீரால் அலசினார். பூங்காவுக்கு ஓடி, பாதி மக்கிய உரத்தை ஒரு கூடை வாரி வந்து அடியில் பரப்பினார். அதன்மேல் தோல்கள் விழுந்தன. ஆணையர் ஒரு பிடி உரத்தை எடுத்து மோந்து பார்த்தார். மூக்கைப் பிடிக்கவில்லை.

"உங்க ஜன்னலைப் பார்க்கலாமாம்மா?" என்றார் பெரியவளிடம். "நாளைக்கு வரட்டுமா?"

"நாள் குறிச்சுட்டெல்லாம் வராதீங்க சார். குப்பைமேட்டையும் கழுவி வச்சிருவாங்க."

அந்த மனுஷர் சிரித்ததை அலுவலகத்தில்கூட யாரும் பார்த்ததில்லை. அந்த ஆட்டோவிலேயே ஏறி அப்போதே போனார். மூடிய ஜன்னலையும் இடுக்கில் அடைத்த துணியையும் பார்த்தாராம். அந்த வாரமே கோப்பில் கையெழுத்து விழுந்தது.

தெருத்தெருவாகக் குழி கட்டுவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. லாரிகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, ஒருநாள் நின்றே போயின. மேட்டுக்கு மண் போர்த்தினார்கள், புல் முளைத்தது. இத்தனைக்கும் பெரியவள் தங்கைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது சின்னவளுக்கு. போன் பண்ணத் தைரியமும் வரவில்லை.

ஒரு மத்தியானம் பெரியவளே கூப்பிட்டாள். பின்னால் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"கொசுத் தொல்லை தாங்கலைடி."

"எங்கேயிருந்துக்கா வருது?"

"எங்கேயிருந்து வரும்? ஜன்னல் வழியாத்தான்."

சின்னவளுக்கு மேஜை, கோப்பு, எதிர் நாற்காலி எல்லாம் கலங்கலாகத் தெரிந்தன.

"மூடிறாதேக்கா," என்றாள். "நான் வலை வாங்கிட்டு வர்றேன்."