கால் இல்லாத ரக்கூன்

என் அண்ணன் எல்ரேயைச் சாவதற்காகச் சிறையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குக் கருணை விடுதலை என்று பெயர். பத்தொன்பது வயதில் பிடித்துக்கொண்டு போனவனைத் தலை நரைத்த பிறகு, ஈரல் முழுக்கப் புற்றோடு, எலும்பும் தோலுமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கருணையாம். அந்த வார்த்தையை இந்த மிசிசிப்பி மாநிலத்தில் யார் சொன்னாலும் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

மனைவி போன பிறகு நான் தனிக்கட்டை. முன்னறையில் ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டு அவனைப் படுக்க வைத்தேன். கோழி சூப், சோளக் கஞ்சி, டப்பாவில் அடைத்த பீச் பழம் என்று என்னென்னவோ கொடுத்துப் பார்த்தேன். எதுவும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

"உனக்கு என்னதான் வேணும்? வாயத் திறந்து சொல்லுண்ணே."

"ரக்கூன் கறி. சர்க்கரைவள்ளிக்கிழங்கு போட்டு, அப்பா பண்ற மாதிரி."

"கெளுத்தி மீன் கேளு, மான்கறி கேளு. இந்தக் காலத்துல ரக்கூன யாரு திங்கிறா?"

"நான் திங்கிறேன். அன்னைக்கு அடிச்சத நான் தின்னவே இல்லடா ஒடெல்."

அன்றைக்கு என்றால் என்றைக்கு என்று அவன் விளக்க வேண்டியதில்லை. நாற்சந்திக் கடைக்காரரை யாரோ சுட்டுக் கொன்ற அந்த இரவில் அண்ணனும் அப்பாவும் நாயைக் கூட்டிக்கொண்டு சதுப்புக் காட்டில், பூனையைவிடச் சற்றுப் பெரிதாக மரமேறித் திரியும் ரக்கூனை வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். அடித்துவந்த ஒன்றைக் காலையில் உரித்து வாசலில் தொங்கவிட்டு, அப்பா உலை வைத்தபோது ஷெரிஃப் வண்டி வந்து அண்ணனை ஏற்றிக்கொண்டு போனது. அப்பா அந்த ரக்கூனையே கையில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். நேத்து ராத்திரி நாங்க அடிச்சது இதுதான் ஐயா என்று காட்டினார். அவர்கள் சிரித்தார்கள். இருட்டில் இவனைப் பார்த்தேன் என்று ஒருவன் சொன்னதை மட்டும் கோர்ட்டில் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த ஜூரிகள் பன்னிரண்டு பேரும் நம்பினார்கள். அந்த இறைச்சியை அம்மா கொல்லையில் புதைத்துவிட்டாள்.

ஆகவே தேடக் கிளம்பினேன். முன்பெல்லாம் குளிர்காலம் வந்தால் தெருவுக்கு ஒரு வேட்டைக்காரர் இருப்பார். இப்போது தோலுக்கு விலை இல்லாததால் பொறி வைப்பாரும் இல்லை, நாய் வளர்த்த கிழவர்களும் போய்விட்டார்கள். முடிவெட்டும் கடையில் கேட்டேன்.

"குப்பைத் தொட்டியில கைய விட்டுத் துழாவுற பிராணி அது. அதையா திங்கப் போறே?" என்றான் கடைக்கார லீமன். ஆள் வாயாடி, ஆனால் விவரம் தெரிந்தவன். "ஆத்தங்கரைப் பக்கம் டாய்ல் ஹக்கபின்னு ஒரு வெள்ளைக்காரன் இருக்கான். அவன் ஃப்ரீசர்ல கெடந்தாலும் கெடக்கும்."

டாய்லுக்கு என்னைவிட வயது குறைவு. நான் அவனை நீங்கள் என்றேன், அவன் என்னை நீ என்றான். எங்களைப் போன்ற கறுப்பர்களுக்கு இது இந்த ஊரில் புதிதல்ல. கொட்டகைக்குள் ஃப்ரீசரைத் திறந்து, பிளாஸ்டிக் பையில் கட்டியிருந்த ஒரு உருப்படியை வெளியே எடுத்தான். தலை இல்லை, தோல் இல்லை. நான்கு பாதங்களும் வெட்டப்பட்டிருந்தன.

"பாதம் எங்கே?" என்றேன்.

"பையில அடங்கல. வெட்டிட்டேன்."

தோலை உரித்துத் தலையையும் எடுத்துவிட்டால் ரக்கூனும் ஒன்றுதான், பூனையும் ஒன்றுதான். அதனால்தான் விற்கிறவர்கள் ஒரு பாதத்தை மட்டும் முடியோடும் விரல்களோடும் அப்படியே விட்டு வைப்பார்கள். எங்கள் அப்பா சனிக்கிழமைகளில் வாளியில் போட்டு வீடு வீடாக விற்றபோது, விலை சொல்வதற்கு முன்னால் அந்தக் காலைத் தூக்கிக் காட்டுவார். காட்டாவிட்டால் ஒருத்தியும் கதவைத் திறக்க மாட்டாள்.

"ஒரு காலையாவது விட்டிருக்கணும்," என்றேன்.

"என் மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

"நம்பிக்கையப் பத்திப் பேசல. வழக்கம் அது."

"நீ எந்தக் காலத்து ஆளுய்யா. இப்பல்லாம் யாரும் கால் கேக்கறதில்ல. வேணும்னா எடு, வேணாம்னா விடு."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. எது என்று தெரியாத இறைச்சியை என் அண்ணன் வாயில் வைக்க முடியாது என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, நிமிர்ந்து நடந்து வந்து வண்டியை எடுத்தேன். ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்டதுபோல்தான் இருந்தது.

வீட்டில் சொன்னதும் அண்ணன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரம் பிடித்தது.

"பூனையாவே இருந்தாத்தான் என்ன? உள்ள அதைவிட மோசமானதெல்லாம் தின்னாச்சுடா."

"இனிமே உன்னை ஒருத்தனும் ஏமாத்தக் கூடாதுண்ணே. நான் விட மாட்டேன்."

"அப்பா காலோடதானே கொண்டுபோய்க் காட்டினாரு? என்ன ஆச்சு?" அவனுக்கு மூச்சு வாங்கியது. "போய் வாங்கிட்டு வா. அந்த ஆள் சொல்றத நான் நம்பறேன். யாராவது ஒருத்தர் நம்பித்தானே ஆகணும்."

விடிந்ததும் போனேன். டாய்ல் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

"நேத்து நீ போன கையோட ஒரு பொம்பளை வந்து வாங்கிட்டுப் போயிட்டா. இருந்ததே அது ஒண்ணுதான். பொறி வச்சுப் பாக்கறேன். அடுத்த வாரம் வா."

அண்ணனிடம் சொன்னேன். சரி என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அது எனக்கு வசவு வாங்கியதைவிட வலித்தது. மிளகாய் போட்டுக் கிழங்கை மட்டும் வேகவைத்து ஊட்டினேன். ஒரு கரண்டி சாப்பிட்டான்.

"கிழங்கு நல்லாத்தான் இருக்கு," என்றான்.

சனிக்கிழமை காலை அவன் உயிர் போயிற்று.

அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். கோழி வறுவலும் கீரையும் மேஜை நிறைய இருந்தன. எங்கள் சபையைச் சேர்ந்த சிஸ்டர் வெர்னீஸ் இரும்புச் சட்டி ஒன்றைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். மூடியைத் திறந்ததும் கிழங்கும் மிளகாயும் வினிகரும் சேர்ந்த அந்த வாசனை வந்தது.

"தப்பா நினைக்காதீங்க பிரதர் ஒடெல். உங்க அண்ணன் ரக்கூன் கேக்கறாருன்னு லீமன் சொன்னான். டாய்ல்கிட்ட ஒண்ணு இருந்துச்சு, வாங்கிட்டேன். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு சுடச்சுடக் கொண்டுவந்து நிக்கலாம்னு ஆசையா இருந்தேன். அதுக்குள்ள போயிட்டாரே."

"கால் இருந்துச்சா சிஸ்டர்?"

"இல்ல. எனக்கும் உறுத்தத்தான் செஞ்சுது. பையைப் பிரிச்சு அக்குள்ல தடவிப் பாத்தேன். நாத்தக் கட்டி ரெண்டும் கைல தட்டுப்பட்டுச்சு. பூனைக்கு ஏது அது? அதை எடுத்துப் போட்டுட்டுத்தான் சமைச்சேன்."

சமைக்கும் முன் அந்தக் கட்டியை எடுக்காவிட்டால் கறியே நாறிவிடும். எத்தனையோ முறை அப்பாவுக்காக நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். டாய்ல் கொட்டகையில் அந்தப் பையைப் பிரிக்கச் சொல்லிக் கையை வைத்துப் பார்த்திருந்தால் முடிந்திருக்கும். கோபத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

அவள் என் தட்டில் ஒரு துண்டை வைத்து, அதன் மேல் கிழங்கையும் வைத்தாள். சாப்பிட்டேன். ரக்கூன்தான். அப்பா சமைத்ததில் இம்மி பிசகவில்லை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கு சிஸ்டர்," என்றேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது. என் அண்ணன் தின்ன வேண்டியதை நான் தின்றுகொண்டிருந்தேன், அது எனக்கு ருசித்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.