நான்காவது சரணத்துக்குப் பின் வலப்பக்கம் சுற்றவும்

ஜூன் 20, வெள்ளி. இன்றைய தவறு: போலந்து விருந்தாளிகள் முப்பத்திரண்டு பேரையும் பாட்டுப் பட்டியலில் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டேன். மலைப்பக்கத்துக்காரர்களுக்குப் பிடிக்கும் பாட்டு கடற்கரைக்காரர்களுக்குப் பிடிக்காதாம். இரண்டு கட்டமாகப் பிரித்தாகிவிட்டது.

நோட்டில் பென்சிலால் இதை எழுதிவிட்டு ட்ரூல்ஸ் நிம்மதியாகக் காபியைக் குடித்தான். அன்றைய தவறுக் கணக்கு தீர்ந்தது என்று நினைத்தான். அப்போது காலை மணி பத்துதான்.

மறுநாள் அவன் அக்கா சோல்வைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வித்தோல்ட் போலந்துக்காரன், எட்டு வருடமாக டென்மார்க்கிலேயே வேலை பார்ப்பவன். விருந்து ஊர்ப் பொதுமண்டபத்தில். பாட்டுப் பொறுப்பு ட்ரூல்ஸ் தலையில். இரண்டு குளிர்காலம் செவ்வாய்தோறும் மாலை வகுப்புக்குப் போய், விருந்தில் எந்தப் பாட்டை எப்போது போடுவது என்று படித்தவன் வேறு எவனும் அந்தக் குடும்பத்தில் இல்லை. ஜட்லாந்து உறவு, கோபன்ஹேகன் நண்பர்கள், ஃபாரோ தீவுத் தோழிகள், மலைப் போலந்து, கடற்கரைப் போலந்து என்று ஐந்து கட்டம் போட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று கட்டைவிரலால் மேசையில் தட்டிப் பார்த்து எழுதி வைத்திருந்தான். நூற்று நாற்பத்தாறு பாட்டு. எண்ணி முடித்த பிறகும் சந்தேகம் வந்து மறுபடி எண்ணினான்.

மதியம் மண்டபத்தில் சோல்வை மேசைத்துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"டேய், பட்டியல் நீளமா குட்டையான்னு எனக்குக் கவலை இல்ல. ஈஸ்டர் விருந்து ஞாபகம் இருக்குல்ல? அவங்க வீட்டாளுங்க ஒரு பக்கம், நம்ம ஆளுங்க ஒரு பக்கம். நடுவுல நானும் அவரும் உப்பு டப்பா மாதிரி. நாளைக்கு ஒரே ஒரு பாட்டுக்காவது ரெண்டு பக்கமும் சேர்ந்து ஆடணும். அது போதும். ஆடலைன்னா நான் அழுதுடுவேன், சொல்லிட்டேன்."

"ஆடுவாங்க அக்கா. கணக்கு போட்டிருக்கேன்."

"நீ கணக்கு போட்டிருக்கேன்னு சொல்றதுதான் எனக்கு பயம்."

மூன்று மணிக்கு வித்தோல்ட் தன் அம்மா யத்விகாவையும் இரண்டு சித்தப்பாக்களையும் அழைத்துக்கொண்டு வந்தான். யத்விகா கையில் கேக் தட்டு. தட்டை வைத்த கையோடு சுவரில் ஒட்டியிருந்த நிகழ்ச்சி நிரலை விரல் வைத்து மேலிருந்து கீழே படித்தாள். டேனிஷ் தெரியாவிட்டாலும் எண்கள் தெரியுமல்லவா? ஆறு மணிக்குச் சாப்பாடு. பிறகு பேச்சு, பேச்சு, பாட்டுத்தாள், பேச்சு. பதினேழு பேச்சு. கடைசியில், பதினொரு மணிக்கு இசை.

அவள் முகம் மாறியது. மகனிடம் ஏதோ கேட்டாள்.

"உங்க வீட்ல யாராவது தவறிட்டாங்களான்னு அம்மா கேக்கறாங்க," என்றான் வித்தோல்ட்.

"இல்லையே!" என்றான் ட்ரூல்ஸ், அவசரமாகக் கணக்குப் பார்ப்பவன் போல.

அதற்குப் பிறகு வித்தோல்ட் இரண்டு பக்கமும் மூச்சு விடாமல் மொழிபெயர்த்தான்.

"அப்புறம் எதுக்கு தம்பி அஞ்சு மணி நேரம் உக்கார வெக்கிறீங்க? எங்க ஊர்ல சூப் குடிச்சதும் ஆட எழுந்துடுவோம். ஆடிட்டு வந்து மறுபடி சாப்பிடுவோம். இவர் முழங்காலைப் பாருங்க. அஞ்சு மணி நேரம் உக்காந்தா இவரைத் தூக்க கிரேன்தான் வரணும்," என்றாள் யத்விகா.

சித்தப்பாக்களில் ஒருவர் முழங்காலைத் தட்டிக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்து அப்பா ஹென்னிங் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் மூக்கு சிவந்தது.

"பேச்சுக்கு நடுவுல ஆட்டமா? ஒருதடவை எழுந்தவன் திரும்ப உக்காருவானா? என் பேச்சை யார் கேக்கறது? மூணு மாசமா எழுதியிருக்கேன்!"

"அப்பா, நம்ம ஆளுங்க எப்ப ஆடுவாங்க?" என்று ட்ரூல்ஸ் கேட்டான்.

"காபிக்கு அப்புறம். இது என்ன கேள்வி? ராத்திரி காபி குடிக்காம எவன் கால அசைப்பான்?"

ட்ரூல்ஸ் தன் பட்டியலைப் புரட்டிப் பார்த்தான். எந்தப் பாட்டு, என்ன வேகம் என்று நூற்று நாற்பத்தாறுக்கும் எழுதினான். எப்போது என்பதை மட்டும் யாரையும் கேட்கவில்லை. பதினொரு மணி என்பது ஊர் வழக்கம். சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. பதினொரு மணிக்குள் போலந்துக்காரர்கள் உட்கார்ந்தே மரத்துப் போவார்கள். அதற்கு முன்னால் இசையைப் போட்டால் இவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் சேரும் பாட்டு என்று ஒன்று அந்தப் பட்டியலில் இருக்கவே முடியாது.

"சோதிச்சுப் பாத்துடலாம்," என்றான். தைரியத்தில் சொல்லவில்லை. வேறு எதுவும் தோன்றவில்லை.

வாசலில் பச்சைக் கிளைகளால் வளைவு கட்டிக்கொண்டிருந்த அண்டை வீட்டு எய்னரையும் ஐந்து பேரையும் உள்ளே கூப்பிட்டான். மலைப் போலந்துக் கட்டத்திலிருந்து ஜோடியாகச் சுழன்று ஆடும் போல்கா பாட்டு ஒன்று போட்டான். யத்விகாவும் அந்தச் சித்தப்பாவும் மேசைகளுக்கு நடுவே சுழன்றார்கள். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. எய்னர் கூட்டம் பீர் பாட்டிலோடு சுவரோரம் நட்டுவைத்த கம்பம் போல நின்றது.

"ஆடலாமே, எய்னர்?"

"இப்பவா? நாலு மணிதான்பா ஆகுது."

ஜட்லாந்துக் கட்டத்திலிருந்து ஒன்று போட்டான். கம்பங்கள் லேசாகத் தலையாட்டின. கோபன்ஹேகன் கட்டத்துக்கு அதுவும் இல்லை. "ஸ்பீக்கர் சரியில்லையோ?" என்றார் எய்னர். ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல். சோல்வை இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவள் தோள் இருந்த இருப்பு ட்ரூல்ஸுக்குப் பிடிக்கவில்லை.

ஹென்னிங்குக்கு மட்டும் பரம திருப்தி. "சரி, வந்ததுக்கு ஒரு உபகாரம் பண்ணுங்க. என் பாட்டுத்தாள்ல எழுத்துப்பிழை இருக்கான்னு பாருங்க," என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எல்லோருக்கும் தெரிந்த பழைய மெட்டில், மகளைப் பற்றி அவரே கட்டிய பதினான்கு சரணம். வழக்கப்படி அவர் ஆரம்பிக்க, எல்லோரும் தாளைப் பார்த்துப் பாடினார்கள். இரண்டாம் சரணத்தின் கீழே 'இங்கே எல்லோரும் எழுந்து கோப்பையை உயர்த்தவும்' என்று அச்சாகியிருந்தது. அதற்குள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எய்னர் கூட்டம் ஆறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து பீர் பாட்டிலை உயர்த்தினார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை, தயக்கமும் இல்லை.

ட்ரூல்ஸ் அதைப் பார்த்தான். கட்டைவிரல் தானாக மேசையில் தட்டியது. அப்பா பாடும் வேகம் தொண்ணூற்றிரண்டு. போல்கா நூற்றுப் பன்னிரண்டு.

"அப்பா, ஒரு நிமிஷம் நிறுத்துங்க. எழுத்துப்பிழை இருக்கு."

தாள்களைப் பிடுங்கி, பென்சிலால் ஒவ்வொன்றிலும் நான்காம் சரணத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தான்: 'இங்கே எதிரில் இருப்பவரின் கையைப் பிடித்து வலப்பக்கம் சுற்றவும்.' திருப்பிக் கொடுத்துவிட்டு, போல்காவைத் தாழ்வாக ஓடவிட்டான்.

"கொஞ்சம் வேகமா பாடணும்."

"வேகமாவா? நாலாவது சரணத்துலதான் அவ சைக்கிள்லேர்ந்து விழறா. நான் அழற இடம்டா அது!"

"வேகமா அழுங்கப்பா," என்றாள் சோல்வை, ஜன்னலைப் பார்த்தபடியே.

மறுபடி ஆரம்பித்தார்கள். நான்காம் சரணம் முடிந்தது. எய்னர் தாளைப் படித்தார். கண்ணாடியைச் சரிசெய்து இன்னொரு முறை படித்தார். பாட்டிலை ஜன்னல் திட்டில் வைத்து, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, நேராக யத்விகாவிடம் போய்க் கையை நீட்டினார்.

"தாள்ல போட்டிருக்குங்க," என்றார், மன்னிப்புக் கேட்கும் குரலில்.

யத்விகாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மற்ற ஐந்து பேரில் மூன்று பேர் சித்தப்பாக்களையும் வித்தோல்டையும் பிடித்துக்கொண்டார்கள். ஆள் கிடைக்காத இருவரில் ஒருவர் சோல்வையையும் இன்னொருவர் ட்ரூல்ஸையும் சுழற்றினார்கள். ஒரு கையில் ஆள், ஒரு கையில் தாள். வாய் பாடியது, கால் போல்கா போட்டது.

ஹென்னிங் ஐந்தாம் சரணத்தில் திகைத்து நின்றுவிட்டார்.

"என் பாட்டுக்கா ஆடறாங்க?"

"பாடுங்க சம்பந்தி, ஏன் நிறுத்திட்டீங்க?" என்று யத்விகா மூச்சு வாங்கக் கத்தினாள். "இன்னும் எத்தனை சரணம் இருக்கு?" வித்தோல்ட் சுழன்றபடியே மொழிபெயர்த்தான்.

"பத்து," என்றார் ஹென்னிங்.

"போதாதே!"

இதைவிடப் பெரிய பாராட்டு அவர் வாழ்நாளில் அவர் பேச்சுக்கோ பாட்டுக்கோ கிடைத்ததில்லை. தொண்டையைச் செருமி, நூற்றுப் பதினெட்டு வேகத்தில் ஆரம்பித்தார்.

அரை மணி நேரத்தில் பேரம் படிந்தது. சூப், மூன்று பேச்சு, ஹென்னிங் பாட்டு, ஆட்டம். பிறகு இறைச்சி, நான்கு பேச்சு, ஆட்டம். மிச்சப் பத்துப் பேச்சும் இதே மாதிரி. சுவரிலிருந்த பதினொரு மணியை ட்ரூல்ஸ் அழித்தான். சோல்வை கசங்கிய மேசைத்துணியை மறுபடி இஸ்திரிக்கு விரித்தாள்.

"ஆறு பேர் ஆடினா எண்பது பேரும் ஆடுவாங்களாடா?"

"தெரியல அக்கா. எண்பது பேருக்கும் தாள் இருந்தா ஆடலாம்."

நோட்டில் காலையில் எழுதிய தவறுக்குக் கீழே அவன் எழுதினான்:

இரண்டாவது தவறு: நேரத்தைக் கேட்காதது.

நாளை காலை ஒன்பது மணி: பாட்டுத்தாள் தொண்ணூறு பிரதி அச்சிட வேண்டும். அச்சு இயந்திரம் இருக்கும் பள்ளிக்கூடத்தின் சாவி எய்னரிடம். 'வலப்பக்கம்' என்பதைப் போலந்து மொழியிலும் போட வேண்டும். வித்தோல்ட் முடி வெட்டப் போகும் முன் அவனிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும்.