பக்கத்துக் குழாயின் ரத்தம்

இவருக்கு வேலை போன வருஷம் என் ரத்தத்துக்கு வேலை கிடைத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் நர்ஸ் சுலைஹா முதலில் இவர் கையில் குத்துவாள், பிறகு என் கையில். இரண்டு குழாய்களையும் அருகருகே வைப்பாள். எனக்கு ஒரு நோயும் கிடையாது. நோயில்லாத ஒருவரின் ரத்தம் பக்கத்தில் இருந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும், அதுவும் ஒரே அடுப்புச் சமையலைச் சாப்பிடுகிறவர் என்றால் ரொம்ப நல்லது என்று டாக்டர் ஸ்ரீஸ்கந்தராஜா சொல்லியிருந்தார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் என் சமையலுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

என் வீட்டுக்காரர் திருநாவுக்கரசு கடலுக்கு அக்கரையில், மாக் மண்டின் தொழிற்பேட்டையில் வெல்டராக இருந்தவர். ஒருநாள் ஃபெர்ரியிலிருந்து இறங்கும்போது கால் தடுமாறியது. குடித்திருக்கிறார் என்று பார்த்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த வருஷம் கைத்தடி வந்துவிட்டது. அபூர்வமான நரம்பு நோய். நாடு முழுக்கத் தேடி ஒன்பது பேரைத்தான் டாக்டர் கண்டுபிடித்திருந்தார். மருந்து கிடையாது. நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல ரத்தத்தில் ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்றுதான் அவர் தேடிக்கொண்டிருந்தார். ஒருவகைக் கொழுப்பின் மேல் அவருக்குச் சந்தேகம். அது இவருக்கு ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போனது.

தொண்ணூறாம் வருஷம், தைப்பூசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்துக்கொண்டு நின்றபடியே பேசினார்.

"திருநாவுக்கரசு, பாதிக்குப் பாதி இறங்கிடுச்சு. இப்படி நான் பார்த்ததே இல்ல."

இவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தடியில்லாமல் நின்று காட்டினார். "வள்ளி, என் வேலை பூட்ஸ் எங்க இருக்கு? தூக்கிப் போட்டுட்டியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. காலையில் ஃபெர்ரியைப் பிடிக்கிற அவசரத்திலும் என் தலையில் கையை வைத்துவிட்டுத்தான் போவார். அந்தக் கைக்கு எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன்.

சுலைஹா தாளை எட்டிப் பார்த்துத் தனக்குத் தெரிந்த தமிழோடு மலாயும் கலந்து சொல்லிச் சிரித்தாள். "அக்கா, உங்களதும் துருன்லா! ரெண்டு பேரும் சாமா!"

என் எண்ணும் அதேபோலப் பாதியாக இறங்கியிருந்தது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ரத்தம் எடுத்த அன்று எங்கள் இருவருக்கும் தைப்பூச விரதத்தில் முப்பதாவது நாள். மீன் இல்லை, கறி இல்லை, ஒருவேளைச் சாப்பாடு. வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று அன்று கேட்டார்கள், இல்லை என்றோம். விரதத்தை யாராவது மருந்து என்று சொல்வார்களா? முருகனிடம் நான் கேட்டது கால். அவன் கொடுத்தது நம்பர்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இவர் இன்னும் தடியில்லாமல்தான் நின்றார். ஆனால் மற்ற எட்டுப் பேருக்கும் இன்றைக்கே எழுதப்போகிறேன் என்று டாக்டர் பேனாவைத் திறந்தார். அந்த எட்டு வீட்டிலும் ஒருத்தி பூட்ஸ் தேடுவாள்.

"டாக்டர், நாங்க ரெண்டு பேரும் விரதம்."

டாக்டர் தாளில் என் எண்ணை மறுபடி பார்த்தார். பேனாவை மூடினார்.

"பூசம் முடியட்டும். எப்பவும் போல மீனு, கறி சாப்பிட்டு ஒரு மாசம் கழிச்சு வாங்க. அப்பவும் இறங்கி இருந்தா நம்பலாம்."

இவர் தடியை எடுத்துக்கொண்டார்.

தைப்பூசத்தில் பால்குடத்தை நான்தான் எடுத்தேன். இவர் கோயில் மலையடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் இறங்கி வரும்வரை படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து பாசாரில் கெம்போங் மீன் வாங்கிப் புளிக்குழம்பு வைத்தேன். கதவருகே பூட்ஸ் இருந்தது, அவரே துடைத்து வைத்தது. சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றப் போனேன். அவர் கையால் தட்டை மறைத்தார்.

"இன்னும் ஒரு வாரம் போகட்டும்லா, வள்ளி."

"பூசம்தான் முடிஞ்சிருச்சே."

"தெரியும்."

கை தட்டின் மேலேயே இருந்தது. கண் கதவருகே இருந்த பூட்ஸில் இருந்தது.

கரண்டியிலிருந்த மீனைச் சட்டியிலேயே போட்டு மூடினேன். பிறகு இரண்டு தட்டிலும் தயிர் ஊற்றினேன்.