நீராவி நின்ற காலை

விடியுமுன்பே அந்தச் சலவை ஆலையில் நீராவி சீறத் தொடங்கிவிடும். ஈர விரிப்பை உதறி, தேய்ப்பு இயந்திரத்தின் மேடையில் பரப்பி, மேல்தட்டை இழுத்து அழுத்தினால் முகத்தில் பொசுக்கென்று சூடு அடிக்கும். கண்ணைத் துடைக்க நேரம் கிடையாது. அடுத்த விரிப்பு காத்திருக்கும். அத்தனையும் மறதி நோய் வந்த முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்து விரிப்புகள்.

அங்கே தேய்க்கும் ஒருத்தியின் அப்பாவுக்கும் அதே நோய்தான். அந்த இல்லத்தில் போய்க் கேட்டாள். முழுச் சம்பளத்தைக் கொட்டினாலும் கட்டணத்தில் பாதிகூடத் தேறாது. இலவச இல்லத்திலோ, வெளியே ஓடுகிறவர்களைச் சேர்ப்பதில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். வேறு வழி? பெற்ற அப்பனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்கு வந்தாள்.

அன்று திடீரென்று நீராவி அடங்கியது. எல்லாரும் கொதிகலன் அறைக்கு ஓடினார்கள். அங்கே அப்பா! பெரிய வால்வைத் திருகி மூடிவிட்டு, நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆயுளெல்லாம் அதே கொதிகலனில் வேலை பார்த்தவர். காலைச் சங்கைக் கேட்டு, தன் இரவு ஷிப்ட் முடிந்ததென்று நினைத்துவிட்டார், பாவம்.

முதலாளி வந்தார்.

“யாரு இந்தக் கிழவன உள்ள விட்டது?”

“எங்க அப்பா சார். வீட்டுப் பின்கதவை நெம்பிட்டு வந்துட்டாரு.”

“ஏதாவது ஹோம்ல விட வேண்டியதுதானே?”

“நீங்க குடுக்கற சம்பளத்துக்கு எந்த ஹோம்ல எடுப்பாங்க சார்? நீங்களே சொல்லுங்க.”

“வாய் நீளுதா? அவரோட நீயும் கிளம்பு. நாளையிலேருந்து வராதே.”

வேலை போனால் சோறில்லை. வேலைக்கு வந்தால் அப்பாவுக்கு ஆளில்லை.

அடுத்த மேடையில் தேய்ப்பவளுக்கு லவுட்ஸ்பீக்கர் அக்கா என்று பேர். சும்மா இருப்பாளா?

“அவ போனா நாங்களும் போறோம் சார். எங்க மாமியாரும் அடுப்ப எரியவிட்டு மறந்துடறாங்க. நாளைக்கு என்னையும் இப்படித்தான துரத்துவீங்க? இங்கயே ஒரு அறை ஒதுக்குங்க. இவங்களப் பார்த்துக்க ஒரு ஆளப் போடுங்க.”

“இதென்ன சத்திரமா?”

“உங்க கொதிகலன்ல வெந்தவரு சார் அவரு!”

யாரும் மேடைக்குத் திரும்பவில்லை. போலீஸைக் கூப்பிடுவேன் என்று கத்திவிட்டு முதலாளி தன் அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினார்.

அப்பா மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, நீ புதுசா? எல்லாரும் ஏன் சும்மா நிக்கறீங்க? முதலாளி பார்த்தா சம்பளத்தப் பிடிச்சுடுவாரு. போங்க, போங்க!”

பெற்ற மகளை மறந்தாயிற்று. பாழாய்ப்போன அந்தப் பயம் மட்டும் மறக்கவில்லை. அவள் வாய்விட்டு அழுதாள்.

அக்கா ஒரு துணிமூட்டையை இழுத்துப் போட்டாள்.

“பிடிக்கட்டும்ப்பா. பிடிச்சா எங்க எல்லாருக்கும் சேர்த்துப் பிடிக்கட்டும். நீங்க உட்காருங்க.”

அவர் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். அவரைச் சுற்றி ஈரத் தரையில் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.