இரவல் வார்மர்

கீழக்காவனூரிலிருந்து வார்மர் காலை ஆறே காலுக்கு வந்து இறங்கியது. குட்டியானை வண்டியில் நிற்கவைத்து, நெல் மூட்டை கட்டும் கயிற்றால் இறுக்கியிருந்தார்கள். பிறந்த குழந்தையைக் கிடத்த ஒரு தட்டு, அதன் மேல் கழுத்தை நீட்டிக்கொண்டு சூடு தரும் கம்பி, கீழே நான்கு சக்கரம். போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அதன் நெற்றியில் காய்ந்து ஒட்டியிருந்தது.

"ஒரு மணிக்குள்ள திருப்பி அனுப்பணுமாம். சுகன்யா சிஸ்டர் ரெண்டு தடவ சொல்லிட்டாங்க" என்றார் வண்டிக்காரர். அவருக்கு ஜெயங்கொண்டத்தில் வேறு லோடு இருந்தது. நிற்கவில்லை.

ஆலங்குழி ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர் வெற்றிச்செல்வி அதைப் பிரசவ அறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். மூலையில் இருந்த பல்பு ஸ்டாண்டைத் தூக்கித் துப்புரவுப் பணியாளர் ஆண்டாயியிடம் கொடுத்தாள். இருநூறு வாட் பல்பு ஒன்று மாட்டிய இரும்புக் கம்பி அது. இங்கிருந்த வார்மர் பழுதாகி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் இந்தப் பல்புதான் சூடு கொடுத்தது.

"இத எங்க வைக்கட்டும் சிஸ்டர்?"

"கண்ணுல படாத எடமா பாத்து வைங்கக்கா. பல்பப் பாத்தாங்கன்னா மார்க்க கொறைச்சிருவாங்க."

"நேத்து வரைக்கும் சாமி மாதிரி வச்சிருந்தோம். இன்னிக்கி ஆகாம போச்சா?" என்று சொல்லிக்கொண்டே ஆண்டாயி அதை எடுத்துப் போனாள்.

அன்று தரச் சான்றுக்கான ஆய்வு. வெளி மாவட்டத்திலிருந்து இரண்டு பேர் வந்து அறை அறையாகப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். எந்தப் பிரிவும் எழுபது விழுக்காட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. தேறினால் ஆண்டுக்கு மூன்று லட்சம் வீதம் மூன்று ஆண்டுக்கு நிலையத்துக்கு நேராக வரும். அதில் புது வார்மர் வாங்கலாம், ஜெனரேட்டருக்கு டீசல் போடலாம், ஒழுகும் கூரையைப் பார்க்கலாம். தேறாவிட்டால் நோயாளர் நலச் சங்கத்தின் சொற்பத் தொகையில் பினாயிலும் பஞ்சும் வாங்கிக்கொண்டு இன்னொரு வருடம் ஓட்ட வேண்டும். வார்மர் கேட்டு வெற்றிச்செல்வி மூன்று முறை மேலிடத்துக்கு இன்டென்ட் படிவம் எழுதினாள். மூன்றும் ஒரே குறிப்போடு திரும்பி வந்தன: "இருப்பில் உள்ளது. இயங்குகிறது." மேலே உட்கார்ந்திருப்பவர்கள் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள் என்று அவள் ஆண்டாயியிடம் திட்டித் தீர்த்திருக்கிறாள்.

ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பத்தரைக்கு வந்தார்கள். அரியலூரிலிருந்து வரும் வழியில் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று கவிழ்ந்து சாலை அடைபட்டிருந்ததாம். டாக்டர் ஹேமலதாவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கையில் தடித்த கோப்பு. உடன் வந்தவர் அதிகம் பேசவில்லை. மருத்துவ அலுவலர் அறிவழகன் வாசலிலேயே இளநீரோடு நின்றார். அவர் இங்கே மாற்றலாகி வந்து எட்டு மாதம்தான். மூன்று வாரமாக இரவு ஒன்பது வரை இருந்து பதிவேடுகளைச் சரிசெய்தவர். சட்டைக் கையை மடிப்பதும் இறக்குவதுமாக இருந்தார்.

ஹேமலதா இளநீரைத் தொடவில்லை. "மருந்தகத்துல ஆரம்பிக்கலாங்களா?" என்றார்.

மருந்தகத்தில் ஒரு மணி நேரம் போயிற்று. ஒவ்வொரு அட்டையாக எடுத்துக் காலாவதித் தேதி பார்த்தார். பிறகு ஆய்வகம். பிறகு கழிவுக் குழி. வெற்றிச்செல்வி பிரசவ அறை வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பாள், உள்ளே போய்ப் படுக்கை விரிப்பை இன்னொரு முறை இழுத்துவிடுவாள், வெளியே வருவாள். வார்மரின் சந்தனப் பொட்டை ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்குக் கீழக்காவனூர் நிலையத்தின் செவிலியர் சுகன்யா கூப்பிட்டாள். பயிற்சிக் காலத்தில் பெரம்பலூரில் ஒரே அறையில் தங்கியவர்கள்.

"வெற்றி, வண்டி கெளம்பிருச்சாடி?"

"இன்னும் லேபர் ரூமுக்கே வரலடி. அடுத்து இங்கதான்."

"எனக்கு ஒரு கேஸ் வந்துருச்சு. ரெண்டாவது பிரசவம், முப்பத்தஞ்சு வாரம். ஏழு சென்டிமீட்டர் தெறந்துருச்சு. 108 ஒரு ஆக்சிடென்ட்டுக்குப் போயிருக்கு, ஒரு மணி நேரம் ஆவும்ங்கிறான். கொழந்த ரெண்டு கிலோவுக்குக் கீழதான் இருக்கும். எனக்கு வார்மர் வேணும்டி."

"பல்பு இல்லையா?"

"ஒன்ன மாதிரி நான் பல்பு வச்சா பொழப்பு நடத்துறேன்? எங்கிட்டதான் வார்மர் இருந்துச்சே!"

 சொன்ன கையோடு சுகன்யா குரலைத் தணித்துக்கொண்டாள். "ரெண்டாவது பிரசவம்டி. ஒனக்குத் தெரியாததா?"

தெரியும். ஏழு சென்டிமீட்டரில் வரும் இரண்டாவது பிரசவம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கீழக்காவனூர் பதினான்கு கிலோமீட்டர். சாலை நன்றாக இருந்தால் அரை மணி.

அறிவழகனைக் கழிவுக் குழிப் பக்கமிருந்து கூப்பிட்டு, வேப்பமரத்தடியில் சொன்னாள். அவர் முகம் இறுகியது.

"அரை மணி நேரம் பொறுங்க சிஸ்டர். அடுத்து லேபர் ரூம்தான். பாத்துட்டு நகந்த உடனே அனுப்பிரலாம்."

"அரை மணி தாங்காதுங்க சார்."

"நீங்க ஒரு கொழந்தயப் பத்திச் சொல்றீங்க. இந்தப் பணம் வந்தா இங்க வருஷத்துக்கு நூத்தம்பது கொழந்தைக்கு ஆகும். நான் எனக்காகவா கேக்குறேன்?"

அவர் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் அவளை மேலும் அலைக்கழித்தது. நூற்றைம்பது குழந்தைகளுக்கு முகமில்லை. கீழக்காவனூரில் வலியெடுத்துக் கிடப்பவளுக்கு இருந்தது, அவளைப் பார்த்ததில்லை என்றாலும்.

"வண்டியும் இல்லையே சிஸ்டர்" என்றார் அறிவழகன். அப்படி ஒரு காரணம் கிடைத்ததில் அவருக்கே கொஞ்சம் ஆறுதல் போலிருந்தது.

அதே நேரம் வாசலில் ஹாரன் கேட்டது. ஒரு குட்டியானை பின்பக்கமாகவே உள்ளே வந்துகொண்டிருந்தது. அதில் புத்தம் புது சிமென்ட் பெஞ்சு ஒன்று கிடந்தது. சாய்மானத்தில் நீல எழுத்து: "அஞ்சலை அம்மாள் நினைவாக, மகன் அங்கமுத்து உபயம்."

அங்கமுத்து அந்த ஊர்க்காரர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இவர் பதினோரு வருடம் குவைத்தில் இருந்துவிட்டு வந்து, தா.பழூர் சாலையில் ஹாலோபிளாக் போடுகிறார். அம்மா பெயரில் ஆஸ்பத்திரிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று போன மாதம் வந்தபோது, வார்மர் வாங்கித் தரச் சொல்லி வெற்றிச்செல்வி கேட்டாள். அவர் பழைய வார்மரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதுல பேரு எங்க சிஸ்டர் எழுதறது? எழுதினாலும் உள்ள கெடக்கும். பிள்ள பெக்க வர்றவளா படிக்கப்போறா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நிலையத்தில் ஏற்கெனவே பத்து உபய பெஞ்சுகள் இருந்தன. இது பதினொன்று.

"பெரிய ஆபீசருங்க வர்றாங்கன்னு கேள்விப்பட்டேன். அவங்க கண்ணுல படட்டும்னு இன்னிக்கே கொண்டாந்துட்டேன்" என்றார் அங்கமுத்து, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே. "ரோட்டப் பாத்த மாதிரி போடணும். ஆளுங்கள வரச் சொல்லிருக்கேன், சாப்புட்டு வந்துருவாங்க."

"அங்கமுத்தண்ணே, ஒங்க வண்டி எனக்கு வேணும். இப்பவே."

"பெஞ்ச எறக்காம எப்புடிம்மா?"

ஆண்டாயி துடைப்பத்தோடு வந்து நின்றாள். "ஏந்தம்பி, ஒங்க ஆத்தா ஒன்னப் பெத்தப்ப அது கூட மாட்டுக் கொட்டாயிலதான் கெடந்துச்சு. பெஞ்சு மேல ஒன்னும் பெக்கல. எறக்கிக் குடு."

அங்கமுத்து ஆண்டாயியைப் பார்த்தார், வெற்றிச்செல்வியைப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று அவருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் வேட்டியை இன்னும் மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு வண்டிக்காரரைக் கூப்பிட்டார். மருந்தாளுநரும் ஆய்வக ஆளும் ஓடிவந்தார்கள். நான்கு பேரும் சேர்ந்து பெஞ்சை இழுத்து இறக்கியபோது அது முற்றத்தின் நடுவில், எழுத்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தது. திருப்பிப் போட நேரமில்லை.

வெற்றிச்செல்வி பிரசவ அறைக்குள் போய் பிளக்கைப் பிடுங்கினாள். வார்மரை அவள் முன்னால் இழுக்க, ஆண்டாயி பின்னால் தள்ளினாள். நடையில் பாதி தூரம் வந்தபோது எதிரே ஹேமலதா கோப்போடு வந்துகொண்டிருந்தார். பின்னால் அறிவழகன். அவர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார்.

"பிரசவ அறைக்குத்தான் வந்துட்டிருக்கேன்" என்றார் ஹேமலதா. "இது எங்க போகுது?"

ரிப்பேருக்கு என்று சொல்லலாம். காலையிலிருந்து அப்படி நாலைந்து பொய்களை அவள் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள்.

"இது எங்களோடது இல்லீங்க மேடம். கீழக்காவனூரோடது. இன்னிக்கி ஆய்வுன்னு இரவல் வாங்கிட்டு வந்தேன். அங்க முப்பத்தஞ்சு வாரத்துல ஒரு பிரசவம் ஆகப்போகுது."

ஹேமலதா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சென்சார் ஒயரு தொங்குது பாருங்க. கழட்டித் தட்டுல வச்சுக் கட்டுங்க, வழியில அறுந்துரும்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்.

ஒன்று பத்துக்கு வண்டி கிளம்பியது. வார்மரைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று யாரும் கேட்பதற்கு முன் அங்கமுத்து பின்னால் ஏறிக்கொண்டார். வெள்ளை வேட்டியில் சிமென்ட் தூள் அப்பியிருந்தது.

பிரசவ அறையில் ஹேமலதா எதையும் விடவில்லை. கை கழுவும் முறையை ஆண்டாயியைச் செய்துகாட்டச் சொன்னார். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து பார்த்தார். அவசர மருந்துத் தட்டை எண்ணினார். கடைசியில் மூலைக்கு வந்தார். அங்கே தரையில் நான்கு சக்கரத் தடம் மட்டும் இருந்தது.

"ஒங்க வார்மர் எங்க?"

"ஸ்டோர் ரூம்ல. காயில் போயிருச்சு. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகுதுங்க மேடம்."

"புதுசு கேக்கலையா?"

"மூணு தடவ கேட்டேன். இருக்கு, ஓடுதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

ஹேமலதா கோப்பின் பின்பக்கங்களைப் புரட்டினார். "போன வருஷம் மார்ச்சுல ஒரு ஆய்வு. 'வார்மர், இயங்குகிறது.' செப்டம்பர்ல ஒண்ணு. அதுலயும் 'இயங்குகிறது.' ரெண்டு பேரும் நேர்ல பாத்துத்தான் எழுதியிருக்காங்க." தலையை நிமிர்த்தினார். "என்னத்தப் பாத்தாங்க?"

 மார்ச்சில் வெற்றிச்செல்விதான் போய் இந்த இரவல் வார்மரைக் கொண்டுவந்தாள். செப்டம்பரிலும் அவள்தான். இரண்டு முறையும் ஆய்வு முடிந்ததும் எல்லோரும் டீ குடித்துவிட்டு, சாமர்த்தியம் என்று அவளைப் பாராட்டினார்கள். மேலே இருந்தவர்கள் படிக்காமல் கையெழுத்துப் போடவில்லை. இந்த ஆய்வு அறிக்கைகளைப் படித்துவிட்டுத்தான் போட்டிருக்கிறார்கள்.

"நான் கொண்டாந்ததத்தாங்க பாத்தாங்க" என்றாள்.

அறிவழகன் இடையில் வந்தார். "மேடம், மத்த எல்லாமே சரியா இருக்கு. இந்த ஒரு அயிட்டத்துக்காக..."

"ஒரு அயிட்டம்தான் டாக்டர். ஆனா இதுக்குக் கீழ ஏழு கேள்வி இருக்கு." ஹேமலதா எழுதிக்கொண்டே பேசினார். "நான் பாத்ததத்தான் எழுத முடியும். அறுபத்தாறு வருது. இந்தத் தடவ சான்று கிடையாது." எழுதியதை வாய்விட்டுப் படித்தார்: "'கதிர்வீச்சு வெப்பக் கருவி (வார்மர்): இல்லை.' சிஸ்டர், நீங்க இங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

அவள் போட்டாள்.  

அவர்கள் போன பிறகு அறிவழகன் தன் அறையில் மின்விசிறியைப் போட்டுவிட்டு, யாரும் தொடாத இளநீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெற்றிச்செல்வி கூப்பிட, சுகன்யாவின் போன் இரண்டு முறை மணியடித்து நின்றது. மூன்றாவது முறையும் எடுக்கவில்லை. இரண்டு மணி ஆயிற்று. இரண்டு பத்து. வெற்றிச்செல்வி சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், மூடினாள். முற்றத்துக்குப் போய் சுவரைப் பார்த்திருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். வெயிலில் அது கொதித்தது. எழுந்துவிட்டாள்.

இரண்டு இருபத்தைந்துக்கு மணியடித்தது.

"பொம்பளப் புள்ள. ஒண்ணே முக்கா கிலோ" என்றாள் சுகன்யா. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். "பிளக்கு மாட்டி அஞ்சு நிமிஷம்கூட ஆவலடி, தல வந்துருச்சு. அழவே இல்ல. மூச்சு குடுக்குற பேக் வச்சு அடிச்சு அடிச்சு... இப்ப அழுவுது. கேக்குதா? 108 வந்துருச்சு, அரியலூருக்கு அனுப்புறேன்."

பின்னால் மெலிதாக, கிழிகிற துணி மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"பொழச்சுக்குமாடி?"

"தெரியல. சூடு நல்லா இருக்கு. ஒடம்பு செவந்துருச்சு. ஒனக்கு ஆய்வு என்னாச்சு?"

"போச்சு."

சுகன்யா பேச்சை மாற்றினாள். "ஒங்க ஊரு ஆளு ஒருத்தரு வார்மரக் கட்டிப் புடிச்சிக்கிட்டே வந்து எறங்குனாரு. வேட்டி அவுந்ததுகூடத் தெரியாம நிக்கிறாரு. யாருடி அது?" என்றாள்.

வெற்றிச்செல்வி சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. போனை வைத்துவிட்டு மேசையில் உட்கார்ந்து நான்காவது இன்டென்ட்டை எழுதத் தொடங்கினாள். ஹேமலதா கொடுத்துவிட்டுப் போன பக்கத்தின் நகலை அதோடு பின் செய்தாள். "இல்லை" என்ற சொல் முதல்முறையாக அரசாங்கக் காகிதத்தில் இருந்தது. அதைப் படித்துவிட்டு யாராவது கையெழுத்துப் போடலாம். போடாமலும் இருக்கலாம். எத்தனை மாதம் ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அறிவழகனிடம் எடுத்துப் போனாள். அவர் இரண்டு முறை படித்தார். நிமிர்ந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

வாசலில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டது. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, ஒரு கையில் பையும் இன்னொரு கை இடுப்பிலுமாகப் படியேறிக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த மாமியார், "காலைலேருந்தே வலிம்மா. இவ சொல்லவே இல்ல" என்று கத்தினாள்.

வெற்றிச்செல்வி இன்டென்ட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"ஆண்டாயிக்கா! அந்தப் பல்ப எங்க வச்சீங்க?"

"கண்ணுல படாத எடமா வைக்கச் சொன்னீங்களே சிஸ்டர்" என்று ஸ்டோர் ரூமுக்குள்ளிருந்து ஆண்டாயியின் குரல் வந்தது. பொருள்கள் உருளும் சத்தம் கேட்டது. "அதத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."