எட்டை மறந்த நினைவகம்

எங்கள் தேர்வு அலுவலகத்து இயக்குநர் ஹாஜி ஜலூலுக்குக் காலையில் இரண்டு வேலைகள். ஒன்று, காபி குடிப்பது. இன்னொன்று, நான் கணினியைப் போட்டதும் பக்கத்தில் வந்து நின்று திரையில் நினைவகக் கணக்கு ஓடுவதைப் பார்ப்பது. டிக் டிக்கென்று ஏறி, நினைவகத்தின் முழு அளவான 8192-இல் நின்றால் போதும், “அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் சரியா இருக்கு” என்று நகர்ந்துவிடுவார். என்னவோ அவரே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரி!

மார்ச் மாதம் ஒரு நாள் அலுத்துக்கொண்டார். “மகளே மப்ரூக்கா, இது எண்ணி முடிக்கிறதுக்குள்ள என் காபி ஆறிப்போகுது. வேகமா ஓட வையேன்.”

அதற்கு ஒரே வழிதான். முழுச் சோதனையில் கணினி நினைவகத்தின் ஒவ்வொரு அறையிலும் எதையாவது எழுதும், திரும்ப வாசிக்கும், எழுதியதுதான் இருக்கிறதா என்று பார்க்கும். அதை நிறுத்திவிட்டால் அறைகளை வெறுமனே எண்ணிக்கொண்டு ஓடும். அவரிடம் சொன்னேன். “எண்ணுதுல்ல? அது போதும்” என்றார். நிறுத்தினேன். சொன்னதைச் செய்கிற கழுதை நான்.

ஜூலையில், பாலைக்காற்று நெருப்பாய் வீசிய ஒரு மதியம், பள்ளி இறுதித் தேர்வான பாக்கலோரியாவின் முடிவுகளை அச்சடித்தேன். என் தங்கை துர்ராவுக்கு இருபதுக்கு ஐந்து. பத்து இருந்தால்தான் தேர்ச்சி. போன வருஷம் டைபாய்டில் படுத்துத் தோற்றவள். இது இரண்டாம் முறை. மூன்றாம் முறை கிடையாது.

யாரையும் கூப்பிடாமல் நானே அலமாரியைத் திறந்து, ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்ட மதிப்பெண் தாளை எடுத்தேன். பதின்மூன்று! அவளுக்கு மேலே இருந்தவன் தாளில் பதினான்கு, அச்சில் ஆறு. கீழே இருந்தவள் பதினொன்று, அச்சில் மூன்று. எண்ணிப் பார்த்தேன், முப்பத்திரண்டு பிள்ளைகள். எல்லாருக்கும் சரியாக எட்டு குறைந்திருந்தது.

கணினி எந்த எண்ணையும் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று துண்டு போட்டுத்தான் வைக்கும். சூடு ஏறியதும் எட்டை வைக்கிற இடம் மறந்துபோயிருக்கிறது. பதினாறும் அதற்கு மேலும் வாங்கியவர்களுக்கு எட்டுத் துண்டு வேண்டியதில்லை, தப்பித்தார்கள். அடி விழுந்ததெல்லாம் நடுத்தரத்துக்கு. எங்கேதான் அப்படி இல்லை?

முழுச் சோதனையை மறுபடி போட்டு, சூட்டோடு சூடாகக் கணினியைத் தொடக்கினேன். பாதியிலேயே பிழை காட்டி நின்றது. ஹாஜியை இழுத்து வந்து காட்டினேன்.

“காலையிலகூட நானே பார்த்தேனே, 8192!”

“அது தலைய எண்ணுனது ஹாஜி. உயிரோட இருக்கியான்னு கேக்கல.”

“சோதனைய நிறுத்தினது யாரு?”

“நீங்க சொன்னீங்க, நான் நிறுத்தினேன்.”

“விரல் யாரோடது?”

“என்னோடது.”

“அப்ப அதை எழுதிக் கொடு. நீ எழுதினாத்தான் பட்டியலைத் திருத்த மேல அனுமதி கேக்க முடியும். என் பேரு அதுல எதுக்கு? நான் என்ன கம்ப்யூட்டர் தெரிஞ்சவனா?”

முப்பத்திரண்டு பிள்ளைகளாயிற்றே என்று எழுதிக் கொடுத்தேன். அலமாரியை நானே திறந்தேன் என்பதையும் சேர்த்து எழுதினேன். நுணலும் தன் வாயால் கெடும்.

மூன்றாம் நாள் பள்ளிக்கூட வாசலில் திருத்திய பட்டியல் ஒட்டினார்கள். தெருவெல்லாம் குலவைச் சத்தம், தட்டுத் தட்டாக மக்ரூத் இனிப்பு. முப்பத்தொரு பெயர்களுக்கு மதிப்பெண் திரும்பியிருந்தது. துர்ராவின் பெயருக்கு நேரே ‘விசாரணையில்’ என்று இருந்தது.

ஹாஜியிடம் ஓடினேன்.

“யோசிச்சுப் பாரு மகளே. சோதனைய நிறுத்தினவ நீ. அலமாரியத் தனியாத் திறந்தவ நீ. பாஸாகப் போறது உன் தங்கச்சி. ஊரு என்ன சொல்லும்?”

“ஆசிரியருங்க கையெழுத்து இருக்கே!”

“இருக்கு. அதனாலதான் தாளை முத்திரை வெச்சு விசாரணைக்கு அனுப்பியிருக்கோம். அக்டோபர்ல பார்ப்பாங்க.”

பல்கலைக்கழகப் பதிவு ஆகஸ்டில் முடிகிறது. இந்த வருஷத்து முடிவுக்கு அடுத்த வருஷம் இடம் தரமாட்டார்கள். அது அவருக்குத் தெரியாதா?

“உங்க காபி ஆறக்கூடாதுன்னு என் தங்கச்சி வாழ்க்கைய…”

“குரலைத் தாழ்த்து. வேலை இன்னும் இருக்குல்ல உனக்கு?”

தாழ்த்தினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

வீட்டில் துர்ரா அழவில்லை. பக்கத்து வீட்டு ரொட்டிக்காரர் மகன், அந்தப் பதினான்கு வாங்கியவன், மக்ரூத் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “மப்ரூக்கா அக்காதான் எங்களைக் காப்பாத்தினாங்க” என்று என் கையை முத்தமிட்டுப் போனான். தட்டை அவள் தொடவில்லை.

“அக்கா, நீ வாயத் திறக்காம இருந்திருந்தா எல்லாருமே ஃபெயில்தானே?”

“ஆமா.”

“அப்படியே இருந்திருக்கலாம்னு தோணுது. இப்படித் தோணக் கூடாதுல்ல?”

கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எனக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது.